கடலுக்குப் போகும் நாளில் நீர் மாத்திரையை நிறுத்தலாமா?

2025 ஏப்ரல் 21, காலை. மூக்கையூர் வாசகர் கேட்டது:

அப்பாவுக்கு 68 வயது. நாட்டுப்படகில் இன்னும் கடலுக்குப் போகிறார். பிரஷருக்கு டெல்மிசார்ட்டானும், நீர் மாத்திரையான ஹைட்ரோகுளோரோதையசைடும் சேர்ந்த மாத்திரை சாப்பிடுகிறார். வெயில் ஏறியதிலிருந்து இரவில் கெண்டைக்கால் சதை பிடித்துக்கொள்கிறது. எழுந்து நின்றால் தலை சுற்றுகிறது. "நீர் மாத்திரை உடம்புத் தண்ணீரை எல்லாம் உறிஞ்சிவிடும், கடலுக்குப் போகும் நாளில் போடாதே, இளநீர் குடி" என்று கரையில் எல்லோரும் சொல்கிறார்கள். சரிதானா?

ஏப்ரல் 21, இரவு

கடையை மூடிவிட்டு எழுதுகிறேன். மருந்துக்கடைக்காரன்தான், டாக்டர் இல்லை. அதை மனத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதல் வேலை, அப்பாவுக்கு உட்கார்ந்த நிலையில் ஒரு முறை பிரஷர் பாருங்கள். எழுந்து நின்று மூன்று நிமிடத்துக்குள் மறுபடியும் பாருங்கள். மேல் எண் 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால் தலைசுற்றலுக்கு விடை அங்கேயே இருக்கிறது. கூடவே சோடியம், பொட்டாசியம், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் மூன்றுக்கும் ரத்தப் பரிசோதனை. அந்தத் தாளோடு மாத்திரை எழுதிய டாக்டரிடம் போங்கள். தாள் இல்லாமல் போனால் அவரும் ஊகித்துத்தான் சொல்ல வேண்டியிருக்கும்.

கரையில் சொல்வதில் ஒரு பிழை இருக்கிறது. அந்த மாத்திரை தண்ணீரைத் தொடுவதே இல்லை; உப்பைத்தான் பிடிக்கிறது. சிறுநீரகங்கள் ஒரு நாளில் சுமார் 180 லிட்டர் நீரை வடிகட்டி, ஒன்றரை இரண்டு லிட்டரை மட்டும் சிறுநீராக வெளியே விடுகின்றன. மீதி எல்லாம் ரத்தத்துக்கே திரும்புகிறது. அப்படித் திரும்பும் நீர் உப்பில் உள்ள சோடியத்தின் பின்னாலேயே போகிறது. மாத்திரை அந்தச் சோடியம் திரும்பும் வாசல் ஒன்றை அடைக்கிறது. சோடியம் வெளியே போகிறது, தண்ணீரும் துணைக்குப் போகிறது. மீனைக் கீறி உப்பை அடைத்து வைத்தால் சற்று நேரத்தில் தொட்டியில் நீர் கட்டி நிற்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். உப்பு இருக்கும் பக்கம் தண்ணீர் போகும் என்பதை நமக்கு யாரும் பலகையில் எழுதிக் காட்ட வேண்டியதில்லை.

அப்பா மாத்திரையில் உப்பை இழக்கிறார், வியர்வையில் மறுபடியும் உப்பை இழக்கிறார், அதற்கு ஈடாகக் குடிப்பது வெறும் தண்ணீர். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. தானாக நிறுத்த வேண்டாம். தாள் வரட்டும்.

ஏப்ரல் 22

"எங்கள் அப்பா மாத்திரையில் நீர் மாத்திரை இருக்கிறதா என்று எப்படித் தெரியும்?" என்று தொண்டி நண்பர் கேட்கிறார். நல்ல கேள்வி. பாதிப் பேர் நீர் மாத்திரை சாப்பிடுவது தெரியாமலே சாப்பிடுகிறார்கள். பிரஷர் மாத்திரையின் பெயருக்குப் பின்னால் 'எச்' என்ற எழுத்து ஒட்டியிருந்தால் பெரும்பாலும் ஹைட்ரோகுளோரோதையசைடு. 'சிடி', 'சிஎச்' என்று இருந்தால் பெரும்பாலும் குளோர்தாலிடோன். பெயரை நம்பாமல் அட்டையின் பின்புறம் பொடி எழுத்தில் இருப்பதைப் படிப்பது நல்லது. அட்டையை மாத்திரை மாத்திரையாகக் கத்தரித்து டப்பாவில் போட்டுவிட்டு, "வெள்ளை மாத்திரை, வட்டமாக இருக்கும்" என்று வந்து நிற்காதீர்கள். என் கடையில் முக்கால்வாசி மாத்திரை வெள்ளையாகவும் வட்டமாகவும்தான் இருக்கிறது.

ஏப்ரல் 22, இரவு

எல்லா நீர் மாத்திரையும் ஒன்று என்ற நினைப்பில் கேள்விகள் வருகின்றன. அதனால் இது.

சிறுநீரகத்தில் நுண்குழல்கள் இருக்கின்றன. அவற்றின் நடுவில் வளைந்து இறங்கி ஏறும் பகுதியில் வடிகட்டிய சோடியத்தில் சுமார் கால் பங்கு திரும்ப உறிஞ்சப்படுகிறது. ஃபுரோசமைடு, டோர்செமைடு இரண்டும் அங்கே அடைக்கின்றன. அதனால் வேகம் அதிகம். இதயம் தளர்ந்து நுரையீரலில் நீர் கோர்த்தவர்களுக்கு அதைத்தான் கொடுப்பார்கள். அதற்கு அடுத்த பகுதியில் ஐந்து விழுக்காட்டுக்குச் சற்று மேலே உறிஞ்சப்படுகிறது. ஹைட்ரோகுளோரோதையசைடு, குளோர்தாலிடோன் அடங்கிய தையசைடு வகை அங்கே வேலை செய்கிறது. மெதுவானது, பிரஷருக்கு ஏற்றது. கடைசிப் பகுதியில் ஸ்பைரனோலாக்டோன். அது மட்டும் பொட்டாசியத்தை வெளியே விடாமல் பிடித்து வைக்கும். மற்ற இரண்டு வகையும் பொட்டாசியத்தைக் கரைத்துவிடும். ஏனென்றால் மேலே தப்பித்து வந்த சோடியத்தைக் கடைசிப் பகுதி பிடிக்கப் பார்க்கிறது, பதிலுக்குப் பொட்டாசியத்தைக் கொடுக்கிறது.

ஆகவே "நீர் மாத்திரை சாப்பிடுகிறேன், வாழைப்பழம் சாப்பிடலாமா?" என்று கேட்டால் எந்த மாத்திரை என்று நான் திருப்பிக் கேட்பேன். எரிச்சல்பட வேண்டாம்.

ஏப்ரல் 24

பாம்பன் தம்பி ஒருவர், "உப்புதானே போகிறது அண்ணன், கடல் தண்ணீரையே ஒரு மடக்குக் குடித்துவிட்டால் ஆயிற்று" என்று எழுதியிருக்கிறார். சிரித்தேன். ஆனால் இதை உண்மையாகவே நம்புகிறவர் உண்டு என்பதால் பதில்.

கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. அதில் உள்ள சோடியம் ரத்தத்தில் இருப்பதைப் போல மூன்று மடங்குக்கும் மேல். மனிதச் சிறுநீரகத்தால் அவ்வளவு உப்பான சிறுநீரை உண்டாக்க முடியாது. ஒரு லிட்டர் குடித்தால் அதன் உப்பை வெளியேற்ற ஒரு லிட்டருக்கு மேல் சிறுநீர் போயாக வேண்டும். கூடுதல் தண்ணீர் உடம்பிலிருந்துதான் வரும். கடலில் வழி தவறி, தாகத்தில் கடல்நீரைக் குடித்தவர்கள் குடிக்காதவர்களைவிடச் சீக்கிரம் துவண்டுபோவது இதனால். போதாக்குறைக்கு வயிற்றோட்டம் வேறு வரும்.

ஏப்ரல் 25

கீழக்கரையிலிருந்து ஒரு லாத்தா. மச்சான் ஃபுரோசமைடு சாப்பிடுகிறாராம், ரமலான் முழுவதும் பிடித்துவிட்டார், இப்போது ஆறு நோன்பில் இரண்டு பாக்கி, ஷவ்வால் முடியப் போகிறது, பிடிக்கலாமா என்று கேட்கிறார்.

லாத்தா, மார்க்கச் சலுகையை ஆலிமிடம் கேளுங்கள், அது என் துறை இல்லை. மருந்துப் பக்கம் இவ்வளவு. அந்த மாத்திரை சாப்பிட்ட ஒரு மணி நேரத்துக்குள் வேலையைத் தொடங்கி ஆறு மணி நேரத்தில் முடித்துவிடும். சஹரில் போட்டால் காலையிலேயே உப்பும் தண்ணீரும் போய்விடும். மாலை வரை ஈடு செய்ய வழியில்லை. இஃப்தாருக்கு மாற்றலாமா என்பதை டாக்டரிடம் கேட்க வேண்டும். இதயத்துக்காகச் சாப்பிடுகிறார் என்றால் விட்டுவிடவும் கூடாது. மச்சானுக்குத் தலை கிறுகிறுத்தால், சிறுநீர் மிகக் குறைந்து கருத்துப் போனால் அன்றைக்கு நோன்பை முடித்துவிட வேண்டியதுதான். நோன்புக் கஞ்சியில் உப்பு எவ்வளவு போடுகிறார்கள் என்பதையும் ஒரு கண் பாருங்கள். பெரிய அண்டாவில் காய்ச்சும்போது கை தாராளமாகிவிடுகிறது.

ஏப்ரல் 29

சாயல்குடி ஆசிரியர் ஒருவர் கொஞ்சம் காட்டமாகவே எழுதியிருக்கிறார். "பிரஷர்காரர்கள் உப்பைக் குறைக்க வேண்டும் என்று உலகமே சொல்கிறது. நீங்கள் உப்பு போகிறது, உப்பு போகிறது என்று பயமுறுத்துகிறீர்கள்." ஐயா, இதற்குச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

என் பெரியம்மா மெலிந்த உடம்பு, எழுபதைத் தாண்டியவர். பனை ஓலைப் பெட்டி முடைவதில் சுற்றுவட்டாரத்தில் அவரைப் போல ஆள் கிடையாது. பேசிக்கொண்டே, ஓலையைப் பார்க்காமலே விரல் ஓடும். பிரஷர் கூடியிருக்கிறது என்று ஒரு கோடையில் குளோர்தாலிடோன் தொடங்கினார்கள். உப்பைக் குறைக்கச் சொன்னதை அவர் உப்பே கூடாது என்று எடுத்துக்கொண்டார். உப்பில்லாக் கஞ்சி, தேநீர், அதோடு வெயிலுக்கு நல்லது என்று பானைத் தண்ணீர் சொம்பு சொம்பாக.

சில வாரம் போயிருக்கும். நான் போனபோது திண்ணையில் பெட்டி முடைந்துகொண்டிருந்தார். மேலே போக வேண்டிய ஓலையைக் கீழே கொடுத்தார். பிரித்தார். மறுபடியும் அதே ஓலை, அதே இடம், கீழே. மறுபடியும் பிரித்தார். குருத்தோலை நைந்து நார் நாராகக் கிழிந்து தொங்கியது. "என்ன பெரியம்மா?" என்றதற்கு நிமிர்ந்து பார்த்து, இறந்துபோன என் அண்ணன் பெயரைச் சொல்லி என்னைக் கூப்பிட்டார். வீட்டில், வயசாகிவிட்டது, புத்தி தடுமாறுகிறது என்று பேசிக்கொண்டார்கள். நேற்று வரை கணக்குச் சொன்ன ஆளுக்குப் பத்து நாளில் வயசாகிவிடுமா?

சோடியம் 112. இருக்க வேண்டியது 135 முதல் 145 வரை.

இது ஏன் நடக்கிறது என்று பிறகு உட்கார்ந்து படித்தேன். கூடுதலாகக் குடித்த வெறும் தண்ணீரை வெளியே தள்ள வேண்டும் என்றால் சிறுநீரகம் சிறுநீரிலிருந்து உப்பை எடுத்துவிட்டு அதை நீர்க்கச் செய்ய வேண்டும். அந்த வேலை நடக்கும் இடங்களில் ஒன்றில்தான் தையசைடு போய் உட்கார்ந்துகொள்கிறது. ஆனால் சிறுநீரைக் கெட்டியாக்கித் தண்ணீரைச் சேமிக்கும் திறமை வேறு இடத்தில் இருக்கிறது, அது கெடாமல் இருக்கும். உப்பு போய்க்கொண்டிருக்க, தண்ணீர் உள்ளே தங்க, ரத்தம் நீர்த்துப் போகிறது. மூளைச் செல்களுக்குள் தண்ணீர் புகுந்து உப்புகிறது. தடுமாற்றம், குமட்டல், முற்றினால் வலிப்பு. ஃபுரோசமைடு கெட்டியாக்கும் திறமையையும் சேர்த்தே கெடுத்துவிடுவதால் இந்த விபத்து அதில் குறைவு. வயதானவர்கள், பெண்கள், மெலிந்தவர்கள், சரியாகச் சாப்பிடாதவர்கள், மாத்திரை தொடங்கிய முதல் சில வாரங்களில் இருப்பவர்கள். இவர்களுக்குத்தான் தையசைடில் இந்த ஆபத்து அதிகம். இந்தப் பட்டியலில் பெரியம்மா எல்லாவற்றிலும் இருந்தார்.

ஐயா, உப்பைக் குறைப்பது சரி. உலக சுகாதார நிறுவனம் சொல்வது நாளுக்கு 5 கிராமுக்குள். நம் வீடுகளில் கருவாட்டுக் குழம்பு ஒன்றிலேயே அந்தக் கணக்கு ஆட்டம் காணும். குறைக்க வேண்டியவர் நூறு பேர் என்றால் உப்பே இல்லாமல் கஞ்சி குடித்துப் படுத்துக்கொண்டவர் ஒருவர். அந்த ஒருவரை அடையாளம் காண ரத்தப் பரிசோதனை வேண்டும் என்பதுதான் நான் சொல்வது.

ஏப்ரல் 30

நேற்று எழுதியதில் விட்டுப்போனது. மருத்துவமனையில் பெரியம்மாவுக்கு உப்பு நீரைச் சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். எங்கள் ஆட்கள், வேகமாக ஏற்றினால் என்ன, உப்புக்கா இங்கே பஞ்சம் என்று சண்டை போட்டார்கள். டாக்டர் அசையவில்லை. பல நாள் குறைந்திருந்த சோடியத்தை 24 மணி நேரத்தில் 8, மிஞ்சினால் 10 அளவுக்கு மேல் உயர்த்தக் கூடாது. வேகமாக உயர்த்தினால் மூளைத் தண்டில் நரம்புகளின் உறை அழிந்து, பேச்சும் விழுங்குவதும் போய்விடலாம். குறைந்த சோடியத்தோடு வந்தவர் சிகிச்சையில் முடங்கிப்போக நேரும். அந்த இளம் டாக்டரின் பிடிவாதத்துக்கு நாங்கள் கடன்பட்டிருக்கிறோம். பெரியம்மா மறுபடியும் முடைகிறார். மாத்திரை வேறு.

மே 4

இன்று கத்திரி தொடங்கிவிட்டது. கடையில் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் வேகமாகப் போகிறது. அதை எல்லோரும் குளிர்பானம் போலக் குடிக்கிறார்கள், அதுதான் கவலை.

இதன் கதை தெரியுமா? 1971-இல் வங்கதேசப் போர் அகதிகள் முகாமில், பன்கான் என்ற ஊரில், காலரா. ரத்தக் குழாயில் ஏற்றும் திரவம் தீர்ந்துபோனது. திலீப் மஹலனாபிஸ் என்ற டாக்டர் உப்பும் குளுக்கோசும் சோடா உப்பும் கலந்த தண்ணீரைப் பீப்பாய்களில் வைத்துக் குடிக்கக் கொடுத்தார். 30 விழுக்காடு வரை இருந்த சாவு 4-க்கும் கீழே இறங்கியது. குடலில் சோடியமும் குளுக்கோசும் கைகோத்துத்தான் உள்ளே போகும், தண்ணீர் அவற்றோடு போகும். சர்க்கரை சேர்ப்பது ருசிக்காக இல்லை. அதனால் அளவும் முக்கியம். இப்போதைய உலக சுகாதார நிறுவனக் கலவையில் லிட்டருக்கு உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம். கடைகளில் அதே மூன்று எழுத்தைப் பெரிதாகப் போட்டு இனிப்புத் தண்ணீரும் அட்டைப் பெட்டியில் வந்ததுண்டு. பின்புறம் படியுங்கள்.

ஒரு லிட்டரில் உள்ள சோடியம் சுமார் 4.4 கிராம் சமையல் உப்புக்குச் சமம். வயிற்றோட்டம் வந்தவருக்கு அது உயிர். இதயம் தளர்ந்து ஃபுரோசமைடு சாப்பிடுகிறவர் வெயிலுக்கு இதமாக இருக்கிறது என்று ஒரு லிட்டர் குடித்தால் இரவில் மூச்சு வாங்கும்.

மே 5

வாந்தி, வயிற்றோட்டம் வந்த நாளிலும் நீர் மாத்திரையைத் தொடரலாமா என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். அன்றைக்கே டாக்டரிடம் கேளுங்கள். பெரும்பாலும் ஓரிரு நாள் நிறுத்தி, சாப்பாடு இறங்கிய பிறகு தொடங்கச் சொல்வார்கள். அதை முன்கூட்டியே, நன்றாக இருக்கும்போதே கேட்டுச் சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டால் நடுராத்திரியில் என்னை எழுப்ப வேண்டாம்.

மே 11

இளநீர். இதைச் சொன்னால் தென்னந்தோப்புக்காரர்கள் என் மேல் வருத்தப்படுவார்கள்.

இளநீரில் பொட்டாசியம் தாராளம். 100 மில்லியில் 200 முதல் 250 மில்லிகிராம் இருக்கும். சோடியம் அதைவிட மிகவும் குறைவு. வியர்வையில் முக்கியமாகப் போவது சோடியம். ஆகவே கடலில் காய்ந்து வந்தவருக்கு இளநீர் தாகம் தீர்க்கும், போன உப்பை நிரப்பாது. ஹைட்ரோகுளோரோதையசைடு சாப்பிட்டுப் பொட்டாசியம் குறைந்தவருக்கு அது நல்லதே. ஸ்பைரனோலாக்டோன் சாப்பிடுகிறவருக்கும் சிறுநீரகம் பழுதானவருக்கும் அதே இளநீர் ஆபத்து. டெல்மிசார்ட்டான் போன்றவையும் பொட்டாசியத்தைச் சற்று உயர்த்தும். உடம்பின் பொட்டாசியத்தில் 98 விழுக்காடு செல்களுக்குள் இருக்கிறது. ரத்தத்தில் இருப்பது கொசுறுதான். அந்தக் கொசுறு 3.5-க்குக் கீழே நன்றாக இறங்கினாலும் 5-ஐத் தாண்டி ஏறினாலும் இதயத் துடிப்பின் தாளம் கெடலாம். பல சமயம் முன்னறிவிப்பே இருக்காது.

இதே கணக்கில் இன்னொன்று. 'சோடியம் குறைந்த உப்பு' என்று பொட்டலம் வருகிறது. அதில் சோடியம் குளோரைடில் ஒரு பங்கை எடுத்துவிட்டுப் பொட்டாசியம் குளோரைடு சேர்த்திருப்பார்கள். உலக சுகாதார நிறுவனம் 2025 ஜனவரியில் அதைப் பொதுமக்களுக்குப் பரிந்துரைத்தது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களை விலக்கித்தான் பரிந்துரைத்தது. மருமகள் மாமனார் மேல் உள்ள அக்கறையில் அந்தப் பொட்டலத்தை வாங்கிப் போகும்போது நான் மாமனாரின் சீட்டைக் கேட்கிறேன். உப்பு வாங்கச் சீட்டா என்று முறைக்கிறார்கள்.

மே 12

நுங்கும் பதநீரும் ஆகுமா என்று கேட்டவர்களுக்கு: ஆமாம், நுங்கு சாப்பிடலாம். சர்க்கரை நோய் இருந்தால் பதநீரை அளவோடு. இதற்கு மேல் பனைமரத்தை விசாரணைக் கூண்டில் ஏற்றாதீர்கள்.

மே 18

கால் வீக்கம். இந்த இழையில் நான் அதிகம் எழுத நினைத்தது இதுதான், இவ்வளவு நாள் தள்ளிப்போய்விட்டது.

கடைக்கு வருகிறார்கள், வேட்டியைச் சற்றுத் தூக்கி, "நீர் மாத்திரை இரண்டு கொடுங்கள்" என்கிறார்கள். டாக்டர் சீட்டில்லாமல் கொடுக்க மாட்டேன். ஆனால் காலைப் பார்ப்பேன். கணுக்காலுக்கு மேல், முன் எலும்பின் மேல் கட்டை விரலை வைத்துப் பத்து எண்ணும் வரை அழுத்தி எடுத்தால், சிலருக்குக் குழி அப்படியே நிற்கும். தோல் பளபளவென்று இழுபட்டிருக்கும், குழியின் விளிம்பு மெதுவாக மேலே வரும். வெளியே வெயிலில் பஸ் ஒன்று வந்து ஆளை இறக்கிவிட்டுப் போகும், குழி இன்னும் முழுதாக மூடியிருக்காது.

அடுத்த கேள்வி, "அம்லோடிபின் சாப்பிடுகிறீர்களா?" பாதிப் பேர் ஆமாம் என்பார்கள். அது ரத்தக் குழாயைத் தளர்த்திப் பிரஷரைக் குறைக்கும் மாத்திரை. காலில் சிறு நாளங்களுக்குள் ரத்தம் வரும் வழி அகலமாகிறது, திரும்பும் வழி அகலமாவதில்லை, நீர் சதைக்குள் கசிகிறது. உடம்பில் உப்பும் நீரும் கூடியதால் வந்த வீக்கமே இல்லை. அதனால் நீர் மாத்திரை அதற்குப் பெரிதாகப் பயன்படாது. பயன்படவில்லையே என்று அளவைக் கூட்டுவார்கள், சோடியம் இறங்கும், கால் வீங்கியபடியே இருக்கும். ஒரு மாத்திரையின் விளைவைப் புது நோய் என்று நினைத்து இன்னொரு மாத்திரை. அதன் விளைவுக்கு மூன்றாவது. மூட்டை கட்டிக்கொண்டு வருகிற முதியவர்களின் பையைக் கொட்டிப் பார்த்தால் இந்தக் கதை அடிக்கடி தெரியும்.

ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கினால், வீக்கத்தோடு மூச்சுத் திணறினால், முகம் வீங்கினால் கடைக்கு வராதீர்கள். நேரே மருத்துவமனை.

மே 19

இல்லை தம்பி, "அப்படியானால் அம்லோடிபின் விஷம்" என்று நான் எங்கும் எழுதவில்லை. நல்ல மாத்திரை. அளவைக் குறைத்தாலோ டெல்மிசார்ட்டான் வகையோடு சேர்த்தாலோ வீக்கம் குறைகிறது. அதை டாக்டர் முடிவு செய்வார்.

மே 25

வலி மாத்திரை பற்றி யாருமே கேட்கவில்லை. கேட்காததால்தான் எழுதுகிறேன்.

வலை இழுத்து இழுத்துத் தோளும் இடுப்பும் போனவர்கள் டைக்ளோஃபினாக்கை வெற்றிலை போலப் போடுகிறார்கள். டெல்மிசார்ட்டான் வகை ஒன்று, நீர் மாத்திரை ஒன்று, அதன் மேல் வலி மாத்திரை என்றால் மூன்றும் மூன்று பக்கத்திலிருந்து சிறுநீரகத்தை நெருக்குகின்றன. நீர் மாத்திரை ரத்தத்தின் அளவைக் குறைக்கிறது. வலி மாத்திரை வடிகட்டிக்குள் ரத்தம் வரும் குழாயைச் சுருக்குகிறது. டெல்மிசார்ட்டான் வெளியேறும் குழாயைத் தளர்த்துகிறது. வடிகட்டியில் அழுத்தமே இல்லாமல் போகிறது. சாதாரண நாளில் சமாளித்துவிடும் சிறுநீரகம், கத்திரி வெயிலில் வியர்த்து ஊற்றிய நாளில் சமாளிக்காது. பிறகு, நீர் மாத்திரையால் கிட்னி போய்விட்டது என்று பேச்சு வரும். மூன்றில் சீட்டில்லாமல் வாங்கியது எது என்று யாரும் கேட்பதில்லை.

மே 27

மேலே உள்ளதைப் படித்துவிட்டு ஒருவர், கால் பெருவிரல் வலிக்குத்தான் வலி மாத்திரை போடுவதாகச் சொல்கிறார். நடுராத்திரியில் சிவந்து வீங்கி, போர்வை பட்டாலே உயிர் போகிறதாம். அது யூரிக் அமிலமாக இருக்கலாம். தையசைடும் ஃபுரோசமைடும் யூரிக் அமிலத்தை உயர்த்தும். அதன் மேல் சாளையும் நெத்திலியும். மூன்று வேளையும் நெத்திலியா என்றேன், "மலிவாகக் கிடைப்பதைத்தானே சாப்பிட முடியும்" என்கிறார். பதில் சொல்ல முடியவில்லை. ரத்தத்தில் யூரிக் அமிலத்தைப் பார்க்கச் சொன்னேன். நீர் மாத்திரையை மாற்ற முடியுமா என்று டாக்டரிடம் கேட்கவும் சொன்னேன்.

ஜூன் 1

சிறுபீளைக் கஷாயமும் நீர்முள்ளியும் நீர் பெருக்கும், அலோபதி எதற்கு என்று ஒருவர். சித்த மருத்துவத்தில் அவற்றுக்கு இடம் உண்டு, மறுக்கவில்லை. பொங்கலுக்குக் காப்புக் கட்டும் சிறுபீளையைக் கல்லடைப்புக்குக் காய்ச்சிக் குடிப்பதைச் சிறு வயதிலிருந்து பார்க்கிறேன். மாத்திரையையும் போட்டுக்கொண்டு கஷாயத்தையும் குடித்துவிட்டு, இரண்டு டாக்டரிடமும் ஒன்றை மறைப்பதுதான் கூடாது.

கல்லடைப்பு என்றதும் நினைவுக்கு வருகிறது. தையசைடு சிறுநீரில் கால்சியத்தைக் குறைக்கும் என்பதால் கல் திரும்ப வராமலிருக்க அதைப் பல காலமாகக் கொடுத்து வந்தார்கள். 2023-இல் சுவிட்சர்லாந்தில் 416 பேரிடம் ஹைட்ரோகுளோரோதையசைடை வைத்து நடத்திய ஆய்வில், வெற்று மாத்திரைக்கும் அதற்கும் குறிப்பிடும்படியான வேறுபாடு தெரியவில்லை.

பழைய காலத்தில் இதைவிடக் கொடுமை. 1919-இல் வியன்னாவில் மேகநோய்க்குப் பாதரச ஊசி போட்டபோது நோயாளிக்குச் சிறுநீர் கொட்டுவதை ஒரு மருத்துவ மாணவர் கவனித்தார். அதன் பிறகு பல பத்தாண்டுகள் உடம்பில் நீர் கோர்த்தவர்களுக்குப் பாதரசம்தான். 1950-களின் கடைசியில் குளோரோதையசைடு வந்த பிறகுதான் வாயால் விழுங்கும் நிம்மதி கிடைத்தது.

ஜூன் 2

ஷேன் வார்ன் கதையைக் கேட்ட கிரிக்கெட்காரர்களுக்கு: ஆம், 2003 உலகக் கோப்பையிலிருந்து அந்த ஆஸ்திரேலியப் பந்துவீச்சாளர் வீட்டுக்கு அனுப்பப்பட்டதும் ஒரு ஆண்டு தடை வாங்கியதும் நீர் மாத்திரையால்தான். அம்மா கொடுத்தது என்றார். சிறுநீரை நீர்க்கச் செய்து வேறு மருந்துகளின் தடயத்தை மறைக்கலாம் என்பதால் விளையாட்டில் அதற்குத் தடை. உடனே ஒருவர், தங்கை கல்யாணத்துக்குள் எடை குறைக்க உதவுமா என்று கேட்டுவிட்டார். உதவாது. குறைவது நீரும் உப்பும். கொழுப்பு அப்படியே இருக்கும். பந்தியில் உட்கார்ந்து எழுந்தால் எடை திரும்பிவிடும். நடுவில் மணமேடையில் மயங்கி விழுந்தால் வீடியோ மட்டும் நிலைக்கும்.

ஜூன் 9

பக்ரீத் முடிந்து இரண்டு நாள். ஏர்வாடிப் பக்கம் ஒரு காக்கா, இதயத்துக்கு டோர்செமைடு சாப்பிடுகிறவர், மூச்சு வாங்கிக்கொண்டு வந்தார். மாத்திரையை விடவில்லை. சாப்பிட்டது உப்புக்கண்டம். மாத்திரை வெளியே தள்ளும் உப்பைவிட வாய் வழியே போனது அதிகம். நேரே மருத்துவமனைக்கு அனுப்பினேன்.

இப்படிப்பட்டவர்கள் தினமும் காலையில், சிறுநீர் கழித்த பிறகு, சாப்பிடும் முன் எடை பார்க்க வேண்டும். ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ. மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் அது கறியால் வந்த சதை இல்லை, நீர். கால் வீங்கும் முன்பே தராசு சொல்லிவிடும். "தராசு எங்கே இருக்கிறது?" என்று ஒருவர் கேட்டார். ஏலக்கூடத்தில் மீன் நிறுக்கும் தராசில் தினமும் காலையில் ஏறி நிற்கிறாராம் இப்போது. எடையைச் சத்தமாகச் சொல்லும்போது பக்கத்தில் ஒருவன் விலை கேட்கிறானாம்.

ஜூன் 13

மூக்கையூர் வாசகர் தாளைப் படமெடுத்து அனுப்பியிருக்கிறார். சோடியம் 131, பொட்டாசியம் 3.2, கிரியேட்டினின் சரியாக இருக்கிறது. நின்றதும் பிரஷர் இறங்குகிறது. டாக்டர் 'எச்' இல்லாத மாத்திரைக்கு மாற்றி, சிறிய அளவில் அம்லோடிபின் சேர்த்திருக்கிறார். மூன்று வாரம் கழித்து மறுபடியும் ரத்தம் பார்க்கச் சொல்லியிருக்கிறார். சதைப் பிடிப்பு குறைந்துவிட்டதாம். தம்பி, அப்பாவுக்குக் கால் வீங்கினால் மே 18-ஐப் படியுங்கள். அதே 'எச்' மாத்திரையை இந்த ஊரில் எத்தனையோ பேர் எந்தத் தொல்லையும் இல்லாமல் சாப்பிட்டு, பக்கவாதத்திலிருந்து தப்பித்து நடமாடுகிறார்கள் என்பதையும் கரையில் சொல்லுங்கள்.

ஜூன் 17

பாசி எடுக்கப் போகும் பெண்கள் பற்றி ஓர் அக்கா எழுதியிருப்பது என்னை யோசிக்க வைத்தது. விடியும் முன் போனால் கரை திரும்பும் வரை ஒதுங்க இடமில்லை. அதனால் தண்ணீரே குடிப்பதில்லை, நீர் மாத்திரையையும் போடுவதில்லை, டாக்டரிடம் "ஒழுங்காகச் சாப்பிடுகிறேன்" என்று சொல்லிவிடுகிறார்கள். பிரஷர் குறையவில்லையே என்று டாக்டர் அளவைக் கூட்டி எழுதுகிறார். அக்கா, டாக்டரிடம் உள்ளபடி சொல்லச் சொல்லுங்கள். வேலை நேரத்தைச் சொன்னால் மாத்திரையின் நேரத்தையோ வகையையோ மாற்ற வழி இருக்கிறது.

ராமேஸ்வரத்துக்கு பஸ்ஸில் வரும் யாத்திரைக்காரர்களுக்கும் இதே கதைதான். ஃபுரோசமைடு என்றால் காலையில் போடுவதைக் கோயில் முடித்து அறைக்குத் திரும்பிய பிறகு போடலாமா என்று டாக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், ஆறு மணி நேரக் கணக்கு அதற்கு மட்டும்தான். குளோர்தாலிடோன் இரண்டு நாளுக்கு மேல் உடம்பில் நிற்கும். அதைச் சில மணி நேரம் தள்ளிப் போடுவதால் பயணத்தில் எந்த மாற்றமும் தெரியாது.